பங்கு போட்ட வசவு

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் உதவி செய்வதில்லை என்று சென்னைக்கு எழுதி அனுப்பிய ஆள் நான்தான். போடிநாயக்கனூரைச் சுற்றி வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டதில் அப்படித்தான் பதில் வந்தது. நான் என்ன செய்ய?

ஒரு ஆராய்ச்சிக் குழு. மக்கள் தானதர்மம் செய்கிறார்களா, கூலி வாங்காமல் அடுத்தவருக்கு உழைக்கிறார்களா, நொடித்துப்போன குடும்பத்துக்கு யார் கைகொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னிடம் சமூகப்பணியில் ஒரு பட்டம் இருந்தது, வேலை இல்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்களிடம் ‘பொண்ணு ஆராய்ச்சி பண்ணுது’ என்று சொல்லிக்கொள்ளலாமே என்று அம்மா சம்மதித்தாள்.

“கேள்வி கேக்குறதுக்கா சம்பளம் தர்றாக? இந்த வீட்டுல நான் கேக்காத கேள்வியா?” என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள்.

கையில் ஒரு தொடுதிரை டேப்பைக் கொடுத்திருந்தார்கள். கேள்வியை வாசித்து, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’யைத் தொட வேண்டும். ‘கடந்த ஓராண்டில் தாங்கள் பிறர் குடும்பத்தின் நலனுக்காக ஊதியமின்றி நேரம் செலவிட்டதுண்டா?’ இப்படி ஒரு தமிழ். முதல் நாள் வாசிக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று சொன்ன ஒரே மனிதர் என் அப்பா. நான் வாசித்து முடிப்பதற்குள்ளேயே சொன்னார். அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் எண்களைவிட எங்கள் கடைப் பெயர் பெரியதாக இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கத் தெரியுமோ தெரியாதோ, எங்கள் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

மற்ற எல்லோரும் ‘இல்லை’தான். சிலமலையில் ஒரு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தன. அந்த வீட்டம்மாவிடம், வேறு குடும்பங்களுக்கு ஏதாவது ஒத்தாசை செய்வதுண்டா என்று கேட்டேன்.

“நாங்களே கஷ்டத்துல கெடக்கோம். நாங்க என்னத்தச் செய்யப் போறோம்?”

“இவ்வளவு பிள்ளைகளும் உங்க பிள்ளைகளா?”

“எனக்கு ரெண்டுதான். மத்தது பக்கத்து வீட்டுது. அவுக ஆத்தா தோட்டத்துக்குப் போயிருக்கா. பசிச்சா திங்காதுகளா?” என்று சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

அடுத்த வீட்டுக்காரர் விடியற்காலையில் தன் லோடு ஆட்டோவில் யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு தேனி வரை போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கண் சிவந்திருந்தது. கேட்டால் அவரும் ‘இல்லை’ என்றார். அப்படியானால் காலையில் போனது என்ன என்றேன். “அவசரத்துக்கு எடுக்காம வண்டிய மடியில வச்சுக் கொஞ்சவா?” என்று சிடுசிடுத்தார். இதற்கெல்லாம் அந்த டேப்பில் பொத்தான் கிடையாது. ‘இல்லை’யைத் தொட்டுவிட்டு நகர்ந்தேன்.

சென்னையிலிருந்து பேராசிரியை அம்மா கூப்பிட்டார். நல்ல மனுஷி, குரலில் தேன் சொட்டும். “உங்க பகுதியிலதாம்மா ஈகை ரொம்பக் குறைவா காட்டுது. மக்களுக்குள்ள பிணைப்பு வறண்டு போயிடுச்சோ?” என்றார். எனக்குச் சுரீரென்று ஏறியது. வைகை வறண்டது என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். “நாம தப்பான நேரத்துல கேக்குறோம் மேடம். இங்க பாதிப் பொம்பளைங்க மலைமேல இருக்காங்க. அவங்களைக் கேக்காம என்ன முடிவு?” என்று படபடவென்று பேசிவிட்டேன். “அப்ப நீங்களே போய்க் கேளுங்கம்மா” என்று மேலும் கொஞ்சம் தேனை ஊற்றி முடித்துக்கொண்டார்.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் கோழி கூவும் நேரத்துக்கு ஜீப்பில் ஏறிவிடுவார்கள். போடிமெட்டு ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, காய் எடுத்துவிட்டு இருட்டும்போது திரும்புவார்கள். வந்ததும் அடுப்படி, பிறகு படுக்கை. அவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் ஜீப்பு கிளம்புவதற்கு முன்னால்தான் முடியும். ஐப்பசி மாதம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பையில் டேப்பை வைத்துக்கொண்டு, சிலமலைக்குச் சாலை பிரியும் விலக்கில் போய் நின்றேன்.

ஜீப்பு வந்தது. நிற்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு என் முழங்கையைப் பிடித்தது. அந்த ஜீப்புக்கே தலைவி போல ஒரு அம்மாள், ஐம்பதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றார்கள்.

“வந்துட்டியா தாயி? வராம போயிருவியோன்னு வகுத்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். ஏறு ஏறு, வெரசா!”

ஒரு கணக்கெடுப்புக்காரியை இவ்வளவு ஆசையாக யாரும் வரவேற்றதில்லை. மனசு குளிர்ந்து ஏறிவிட்டேன். உள்ளே ஒருத்தி மடியில் ஒருத்தி, கால்மேல் கால் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பின்பக்க மூலையில், காற்று வரும் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதில் என்னை உட்கார வைத்தார்கள். விருந்தாளிக்கு நல்ல இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியபோது, மலையடிவாரத்து முந்தலில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

டேப்பை எடுத்து, ஊதியமின்றி நேரம் செலவிட்ட கேள்வியை வாசித்தேன்.

“புருசன் வீட்டுல வடிச்சுக் கொட்டுறது அதுல சேருமாக்கா?” என்றாள் கல்யாணமாகி அதிக நாள் ஆகாத ஒருத்தி. ஜீப்பே குலுங்கியது.

“மாமியாளுக்குக் கால் அமுக்குறது?”

“நீ அமுக்குறது காலையா, கழுத்தையா?”

இப்படியே முந்தல் தாண்டிவிட்டது. நான் நிறுத்தச் சொன்னது சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. பிறகு கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின, என் வயிறு மற்ற கேள்விகளையெல்லாம் மறக்கடித்தது. யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார்கள். அதை மோந்துகொண்டே கண்ணை மூடிக் கிடந்தேன்.

மெட்டில் டீக்கு நிறுத்தினார்கள். ஒரே மூட்டம். பெரியக்கா ஒரு பிளாஸ்டிக் படுதாவை என் இடுப்பில் சுற்றிக் கட்டினார். ஒரு ஜோடி நீளக் காலுறையையும் நீட்டினார். புகையிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்தது, நெடி மூக்கைத் துளைத்தது.

“இது எனக்கு எதுக்குக்கா?”

“அட்ட ஏறாம இருக்கத்தான். வேற எதுக்கு?”

“நான் கேள்வி கேக்க வந்தவக்கா.”

பெரியக்கா என் தலைத்துண்டை விலக்கி முகத்தைப் பார்த்தார். “நீ பொட்டிபுரத்துப் புள்ள இல்ல? என் கொழுந்தன் மக அனுப்புறேன்னு சொன்ன புள்ள? அந்தக் கேள்வியெல்லாம் வெளையாட்டுன்னுல்ல நெனச்சேன்.”

“இல்லக்கா. நான் போடி.” அப்பாவின் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொன்னேன்.

“அடி ஆத்தே!” என்றாள் புதுப்பெண்டாட்டி. “யாவாரி மகளையில்ல காயெடுக்கக் கூட்டியாந்துட்டோம்!” டீக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னைத் தனியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார்.

நான் உட்கார்ந்து வந்த இடம் ஒருத்தியுடையது. அவள் புருஷன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும். அவள் அங்கேயே இருக்கிறாள். தோட்டத்தில் ஓர் இடம் காலியானால் அதற்கு அடுத்த ஜீப்பில் ஆள் காத்திருக்கும். விட்டால் போனதுதான், அந்தப் பருவம் முழுக்க வேலை கிடைக்காது. அந்த வீட்டில் இனி சம்பாதிக்கப் போகிறவள் அவள் ஒருத்திதான். அதனால் இந்த ஜீப்பில் தினமும் யாராவது ஒருத்தி அவள் பேரில் வருவாள். இவர்களில் யாருடைய தங்கையோ, ஓரகத்தியோ, லீவுக்கு வந்த மகளோ. அவள் பையைத் தோளில் மாட்டி, அவள் படுதாவை இடுப்பில் கட்டி, அவளுக்காகக் காய் எடுத்து, கூலியை அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். கங்காணி தலையைத்தான் எண்ணுவார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

“இன்னிக்கு நீதான் அவ. கால ஒறைக்குள்ள விடு” என்று முடித்தார்.

“எனக்குப் பறிக்கத் தெரியாதுக்கா.”

“ஏலக்கா வீட்டுல பெறந்துட்டு ஏலக்காயப் பாத்ததில்லைங்குறியா?”

அந்தப் பேச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஏலக்காயைப் பற்றி என்னிடமா? தொட்டிலில் கிடந்தபோதே என் தலைக்குமேல் சாக்கு அடுக்கியிருந்தது. கரும்பச்சையாக, தடித்து, பார்த்த கண்ணைப் பறிக்கிற காய்தான் முதல் தரம் என்பது எனக்கு ‘அ’ எழுதுவதற்கு முன்பே தெரியும். வெளிறிய காயைக் கண்டால் அப்பா கழித்துத் தள்ளிவிடுவார். காலுறையை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட்டேன்.

ஏலச்செடி என்னைவிட உயரம். ஆனால் காய்கள் மேலே இல்லை. அடியில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்த சரங்களில் இருக்கும். குத்தவைத்து, குனிந்து, ஈர இலையை விலக்கி விலக்கிப் பறிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் முதுகு எனக்குச் சொந்தமில்லை என்றாகிவிட்டது. மழைத்தூறல் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. இருந்தும் என் பை சரசரவென்று நிறைந்தது. கரும்பச்சையாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தேன். பக்கத்துச் செடியில் புதுப்பெண்டாட்டி நல்ல பச்சைக் காய்களையெல்லாம் விட்டுவிட்டு, சாயம் மங்கியதையாகத் தேடித் தேடி எடுத்தாள். பாவம், விவரம் போதாது என்று நினைத்தேன். போனால் போகிறது என்று அவள் விட்ட சரங்களையும் நானே உருவினேன்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கங்காணி வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். என் பையில் கைவிட்டு ஒரு காயை எடுத்து நகத்தால் கீறினார். உள்ளே விதைகள் பால்பல் போல வெள்ளையாக இருந்தன.

“எந்தா இது? முழுக்கப் பிஞ்சு!”

கடையில் நான் பார்த்ததெல்லாம் காய்ந்த காய். பக்குவமாக முற்றிய காயைப் பறித்து உலரவைத்தால்தான் அந்தப் பச்சை நிற்கும், அந்த மணமும் வரும். செடியில் இருக்கும்போது முற்றிய காய் ஒரு சுற்று வெளிறித்தான் தெரியும். விதை கறுத்திருக்கும். செடியில் கரும்பச்சையாக இருப்பது பிஞ்சு. அதைப் பறித்தால் காய்ந்து சுருங்கி, உமியாகப் போகும். அரை நாளில் அந்தத் தோட்டத்தின் அடுத்த பறிப்பை நான் முன்கூட்டியே நாசம் செய்திருந்தேன்.

“வைகுந்நேரம் எடைக்குத் தூக்கும்போது பாப்பேன். எந்தப் பையில பிஞ்சு கெடக்கோ, அந்தப் பைக்காரிக்கு நாளைமுதல் எடமில்ல. கேட்டோ?” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

என் தோளில் தொங்கியது அவளுடைய பை. எனக்கென்ன, சாயங்காலம் வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்துவிட்டு அம்மாவிடம் கதை சொல்வேன். ஆஸ்பத்திரியில் புருஷனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறவள் பிழைப்பை இழப்பாள். அவளை நான் பார்த்ததுகூட இல்லை. செடிக்கு அடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

பெரியக்கா வந்து பார்த்தார். “அழுதா பிஞ்சு முத்திருமா? பையக் கொண்டா” என்றார்.

படுதாவை விரித்து என் பையைக் கொட்டினார். ஒரு சீழ்க்கை அடித்தார். அங்கங்கே செடிகளுக்குள்ளிருந்து எல்லோரும் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு ரெண்டு கையள்ளி என் பிஞ்சைத் தங்கள் பையில் போட்டுக்கொண்டு, அதற்கு ஈடாக நல்ல காயை என் பையில் போட்டுவிட்டுப் போனார்கள். கோயில் வாசலில் பொங்கல் வாங்குகிற மாதிரி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அழுத கண்ணோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாகப் புதுப்பெண்டாட்டி வந்து, “ஏன்க்கா, நாங்க வளரட்டும்னு விட்டதப் பூராவும் அறுவட பண்ணிட்டியே, உன்ன எவன் கட்டப்போறான்?” என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைவிட ஒரு கை கூடுதலாகவே அள்ளிக்கொண்டாள்.

சாயங்காலம் காயை எடைக்குத் தூக்கும் இடத்தில் கங்காணி முதல் பையைக் கவிழ்த்தார். பிஞ்சு கிடந்தது. வாயில் வந்தபடி வைதார். அடுத்த பையிலும் கிடந்தது. அதற்கும் வைதார். ஒருத்தி மழை கண்ணை மறைத்தது என்றாள். ஒருத்தி, வீட்டுக் கவலையில் கை தானாகப் பறித்துவிட்டது என்றாள். பெரியக்காவின் பையில்தான் அதிகம் கிடந்தது. இந்த மலையில் அவருக்கு இருக்கும் பேரைச் சொல்லிச் சொல்லியே கங்காணி அவரைக் காய்ச்சி எடுத்தார். அவர் முந்தானையைப் பிழிந்துகொண்டே, “வயசாகுதுல்ல” என்றார். என் பை வந்தபோது கங்காணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதில் கிடந்த நாலைந்து பிஞ்சைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தலையை மட்டும் எண்ணுகிற மனிதர், அன்றைக்கு முகத்தைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறவளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். “இருக்கேன்” என்றேன்.

அவர் பெரியக்கா பக்கம் திரும்பி, குரலை இறக்கி, “நாளெ கண்ணு தெரியுற ஆளைக் கொண்டா” என்றார். அவ்வளவுதான். இடம் பிழைத்தது.

இறக்கத்தில் ஜீப்பு வரும்போது மெல்ல டேப்பை எடுத்தேன். “பெரியக்கா, இத்தனை பேரும் செஞ்சது உதவிதானே? எல்லாருக்கும் ‘ஆம்’ போட்டுடவா?” என்றேன்.

“போடாத” என்றார் பட்டென்று.

“ஏன்க்கா? யார் பேரும் வெளிய வராது.”

“பேரு வராட்டியும் பேச்சு வருமில்ல? நாங்க செய்யுறது அவளுக்குத் தெரியும் தாயி. தெரியாமயா இருக்கும்? அவ காதுபட நாங்க சொல்லக் கூடாது, அவ்வளவுதான். சொல்லிட்டா அவ எங்க முன்னால தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துருவா. அவ எப்பேர்ப்பட்ட சண்டைக்காரி தெரியுமா? அந்த மூலை எடத்துக்கு என்கூட மல்லுக்கட்டாத நாள் கெடையாது. அவ சண்ட போடாம வந்தா, அவ வந்தாப்புலயா இருக்கும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்த பிறகு வெளியே திரும்பிக்கொண்டார். அவருக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. இடத்தைக் காப்பாற்றுகிறோம், ஆளைக் காப்பாற்ற முடியுமா என்கிற பயம். நான் எல்லோருக்கும் ‘இல்லை’ போட்டேன்.

மறுநாள் பேராசிரியை அம்மாவிடம், ஊரே ‘இல்லை’ என்கிறது, ஆனால் நானே ஒரு நாள் முழுக்க ஊதியமின்றி உழைத்துவிட்டு வந்திருக்கிறேன், எனக்காவது ஓர் ‘ஆம்’ போடலாமா என்று கேட்டேன். “ஆய்வு நடத்துறவங்க பதில் சொல்லக் கூடாதும்மா” என்றார் தேனாக. முதுகு வலியில் நான் குப்புறப் படுத்துக்கொண்டு பேசியது அவருக்குத் தெரியாது.

தை பிறந்த பிறகு, விடுபட்டவர்களை இன்னொரு சுற்றுக் கேட்கச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். விலக்கில் ஜீப்பு நின்றது. அதன் பின்பக்கம், தோளில் பையோடு, நான் அதுவரை பார்த்திராத ஒருத்தி நின்றாள். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். புருஷன் கோலூன்றி நடக்கத் தொடங்கிவிட்டான், இன்றைக்குத்தான் வேலைக்கு வருகிறாள் என்று புதுப்பெண்டாட்டி என் காதில் ஓதினாள். மூலை இடம் காலியாக இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், ஏறவில்லை. அந்த ஜீப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அவளைக் கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அவளே என் டேப்பைப் பார்த்து, “என்ன கேக்கணும்? கேளு” என்றாள். வேறு வழியில்லாமல், அந்தப் பாழாய்ப்போன தமிழிலேயே வாசித்தேன். “கடந்த ஓராண்டில் தங்கள் குடும்பத்துக்கு நெருக்கடி நேர்ந்தபோது உறவினர் அல்லாத எவரேனும் உதவியதுண்டா?”

அவள் பெரியக்காவைப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. பெரியக்கா மடியிலிருந்த கையை இறுக்கிக்கொண்டு கீழே பார்த்தார். போச்சு, சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் மூக்கை உறிஞ்சி, பையை இறக்கி எல்லோர் முகத்துக்கும் நேராக ஆட்டினாள்.

“உதவியா? இவளுகளா? இந்தா பாரு, எம் பையோட வாரப் பிச்சு முடிச்சுப் போட்டு வச்சிருக்காளுக! எம் படுதாவுல ஓட்ட! எவடி அது? எந்தக் கண்ணு தெரியாதவ? மூணு மாசம் ஆளு இல்லைன்னா ஒருத்தி பொருள இப்படியா நாசம் பண்ணுவீக?”

“ஆமா, பெரிய பட்டுப் படுதா!” என்று பெரியக்கா பாய்ந்தார். அவருக்கு முகமெல்லாம் ஈரம். “தச்சுப் போட்டுக்க முடியாதா? வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டா பாரு. ஏறுடி, கங்காணி வைவாரு!”

“தள்ளு, அது எம் மூல!”

வண்டி கிளம்பி, சத்தம் முந்தல் பக்கமாகத் தேய்ந்து போகிறவரை நின்று கேட்டேன். அந்தப் படுதாவில் ஓட்டை விழுந்தது என்னால்தானா என்று தெரியவில்லை. இருக்கட்டும் என்று ஆசையாக இருந்தது. டேப்பில் கேள்வி இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது. ‘இல்லை’யைத் தொட்டேன்.